ஏழாவது கேள்வி

முதல் ஆறு கேள்விக்கும் பேனா நிற்காமல் ஓடியது. அறை சுத்தமாக இருந்ததா, இருந்தது, நாலு. சாப்பாடு எப்படி, சாம்பாரில் சர்க்கரை போட்டிருந்தார்கள், மூன்று. கப்பல் ஊழியர்களின் மரியாதை, அதற்கு ஒரு குறையும் இல்லை, நாலு. ஏழாவதில் வந்து நின்றுவிட்டது. உங்கள் பயண மகிழ்ச்சியில் க்ரூஸ் டைரக்டரின் பங்கு எவ்வளவு, ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிடவும். க்ரூஸ் டைரக்டர் என்றால் லெஸ்லி மச்சாது. தூத்துக்குடிக்காரன், நாற்பது வயது இருக்கும், வெள்ளைக் கோட்டு. கப்பலை ஓட்டுகிற கேப்டன் வேறு, அவரை மூன்று நாளில் ஒரே ஒரு தடவை படிக்கட்டில் பார்த்ததோடு சரி. லெஸ்லிதான் எல்லாம். ஆட்டம், பாட்டு, சீட்டுக் குலுக்கல், மழை வந்தால் மேல்தளத்தை விட்டு இறங்கச் சொல்வது, திருகோணமலையில் எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று மைக்கில் சொல்வது. அவன் சொல்லாமல் இந்தக் கப்பலில் ஒருத்தரும் ஒரு அடி நகரவில்லை. இப்போதுகூடப் பாருங்கள், சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது, தொள்ளாயிரம் பேரும் பெட்டியில் ஆளுக்கொரு கலர் அட்டையைக் கட்டிக்கொண்டு அவன் குரலுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். பச்சை அட்டை முதலில், அப்புறம் நீலம், மஞ்சள், கடைசியில் பிங்க். எனக்குப் பிங்க். பள்ளிக்கூடத்திலும் கடைசி பெஞ்சுதான், பரவாயில்லை. என்ன போடுவது. மூன்று போட்டால் என்ன. சுகிர்தா ஃபாரத்தைக் கொடுக்கும்போதே குனிந்து காதருகே சொல்லிவிட்டுப் போனாள், அவள் அவனிடம் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறவள், "மேடம், ஏழாவதுல மட்டும் அஞ்சு போட்ருங்க. நாலு போட்டாக்கூட ஃபெயில்னுதான் எடுத்துக்குவாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து டைரக்டரே வேணுமா, ரெக்கார்டு பண்ணி வச்சிட்டாப் போதாதான்னு கம்பெனியில பேச்சு. இந்த ட்ரிப்போட மார்க்கப் பாத்துத்தான் முடிவாம். சாரு யார்கிட்டயும் கேக்க மாட்டாரு, அதான் நான் கேக்குறேன்." நாலு எப்படி ஃபெயில் ஆகும். நாலு என்றால் ஐந்துக்கு நாலு, நூற்றுக்கு எண்பது. எங்கள் அப்பா எண்பதுக்கு மேல் வாங்கினால்தான் ஃபெயில் என்பார், காப்பியடித்திருப்பாய் என்று.

ரெக்கார்டு பண்ணி வைத்துவிட்டால் போதாதா. இதே வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் ரயில்வே ஜங்ஷனில் மைக் முன்னால் உட்கார்ந்தவள் நான். பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று நான் ஆரம்பித்தால் பிளாட்பாரத்தில் தூங்குகிறவன் புரண்டு படுப்பான், டீ விற்கிறவன் கெட்டிலைத் தூக்குவான். என் முகம் ஒருத்தருக்கும் தெரியாது. மாடியில் கண்ணாடி வைத்த சின்ன அறை, ஒரு மேஜை, மூன்று டெலிபோன், துண்டுச் சீட்டுகளைக் குத்தி வைக்கும் கம்பி. கைப்பையில் எப்போதும் அதிமதுரம், தொண்டை கட்டாமல் இருக்க. இன்றைக்கும் இருக்கிறது, ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகியும், இந்தப் பையிலேயே, பழக்கம். அப்புறம் ஒரு நாள் கம்ப்யூட்டர் வந்தது, வேறு எங்கோ யாரோ பேசி அனுப்பிய குரல், எண்களைத் தனித்தனியாக ஒட்டிச் சொல்லும். என்னை விசாரணை ஜன்னலுக்கு மாற்றினார்கள். அப்போது எந்தப் பயணியாவது வந்து, முன்னே ஒரு அம்மா சொல்லுமே, அது எங்கே என்று கேட்டானா. இல்லை. ஒருத்தன்கூட இல்லை. நான் ஜன்னலுக்கு உள்ளே இருந்துகொண்டே காத்திருந்தேன், ஒரு மாசம், இரண்டு மாசம், யாராவது கேட்பார்கள் என்று. என்னைப் பற்றி ஏழாவது கேள்வி கேட்டிருந்தால் அந்த ஊர் ஜனம் எனக்கு என்ன போட்டிருக்கும். இருந்ததே தெரியாது என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் போட்டிருப்பார்கள். மெஹருன்னிசாவிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள், "உனக்கு எல்லாத்துலயும் மார்க்கு வேணும்டீ" என்பாள். பார்சல் ஆபீசில் இருந்தவள், ஒரே நாளில் ரிட்டயர் ஆனோம். இந்தப் பயணமே அவள் ஆசைதான். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அறை போட்டோம், கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. "நீ போய்ட்டு வா, போய் வந்து எனக்குச் சொல்லு" என்றாள். எதைச் சொல்வது. கப்பல் கணக்கில் இன்னும் இரண்டு பேர்தான். தினமும் அறையைப் பெருக்குகிறவர் இரண்டு கட்டிலிலும் துண்டை மடித்து ஆளுக்கொரு யானை செய்து வைத்துவிட்டுப் போவார். ஒரு யானை எனக்கு, ஒரு யானை யாருக்கோ. முதல் நாள் அந்த இரண்டாவதைப் பிரிக்க மனசு வரவில்லை, இரண்டாம் நாள் அந்த யானையைப் பார்க்கச் சகிக்காமல் பிரித்து உதறிக் குளியலறையில் போட்டேன்.

பச்சை அட்டைக்காரர்களைக் கூப்பிடுகிறான். குரல் கரகரக்கிறது. நேற்று மதியமே கவனித்தேன், கடைசி எழுத்தை விழுங்கிப் பேசினான், தொண்டை போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனாலும் அந்தச் சிரிப்பை விடவில்லை. குரலில் சிரிப்பை வைத்துப் பேசுவது ஒரு வித்தை, எனக்கு அது வந்ததே இல்லை, எங்களுக்கு அது கூடவும் கூடாது, ரயில் நாலு மணி நேரம் தாமதம் என்பதைச் சிரித்துக்கொண்டு சொன்னால் அடிக்க வருவார்கள். அந்தச் சிரிப்பின்மேல்தான் எனக்குக் கோபமா. இல்லை, கோபம் முதல் நாள் சாயங்காலத்தின்மேல். ஹால் நிறைய ஜனம், அவன் மேடையில் நின்று, புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் கை தூக்குங்கள் என்றான், தூக்கினார்கள், கைத்தட்டல். மூன்று தலைமுறையாகக் குடும்பத்தோடு வந்தவர்கள், தூக்கினார்கள், கைத்தட்டல். "தனியா வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா, வெக்கப்படாம கை தூக்குங்க" என்றான். நான் தூக்கினேன். அரசாங்க உத்தியோகம் பார்த்த புத்தி, கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். சுற்றிப் பார்த்தால் தொள்ளாயிரம் பேரில் என் கை ஒன்றுதான் மேலே நிற்கிறது. இறக்கவும் தெரியவில்லை. அவனுக்கும் ஒரு விநாடி என்ன செய்வதென்று தெரியவில்லை, அதை நான் பார்த்தேன், வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், மைக் பிடித்தவர்களுக்கு மட்டும் தெரிகிற ஒரு விநாடி. "ஆன்ட்டிக்கு ஒரு பெரிய கைத்தட்டல்" என்று சமாளித்துவிட்டான். தட்டினார்கள். அதிலிருந்து மூன்று நாளும் லிஃப்டில், சாப்பாட்டு வரிசையில், படிக்கட்டில், தனியா வந்த ஆன்ட்டி, தனியா வந்த ஆன்ட்டி. ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பசங்க பாக்குறது இல்லையா" என்று கண் கலங்கினாள். எனக்குப் பசங்களே இல்லை அம்மா, நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, நீ அழாதே என்று நான் அவளைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது. வீட்டில் தனியாக இருப்பது தெரிவதில்லை, பழகிவிட்டது, குக்கர் சத்தம், ரேடியோ, எதிர்வீட்டு நாய். கைதட்டினால்தான் தெரிகிறது. அதற்கு ஒரு மார்க் குறைக்கலாமா. இரண்டே குறைக்கலாம்.

மறுநாள் காலை எட்டு பத்துக்கு வந்து என் மேஜையில் உட்கார்ந்தான். கையில் டீ. "நேத்து உங்கள அப்படி நிறுத்திருக்கக் கூடாது மேடம்" என்றான், முகத்தைப் பார்க்காமல். "உங்க பேரு என்ன மேடம்?" சொன்னேன். எல்லாரும் முதல் தடவை ஆங் என்பார்கள், இரண்டாம் தடவை அமலா என்று சுருக்கிவிடுவார்கள், பள்ளிக்கூட ரெஜிஸ்தரிலிருந்து ரிட்டயர்மென்ட் விழா பேனர் வரை அமலாதான். அவன் முழுசாகச் சொன்னான், அமலோற்பவம் மேடம். "எங்க அம்மாவோட அக்கா பேரு. வீட்ல சுருக்கவே விட மாட்டாங்க, வைவாங்க" என்றான். இரண்டு நிமிஷம் இருந்திருப்பான். மணப்பாடு திருவிழாவைப் பற்றி ஏதோ சொன்னான், வருஷத்தில் ஒன்பது மாசம் தண்ணீரில் இருப்பதாகச் சொன்னான். அடுத்த மேஜைக்குப் போகும்போது சிரிப்பை மாட்டிக்கொண்டான். அன்றைக்கு எனக்கு இட்லி நன்றாக இருந்தது, அதே இட்லிதான். நேற்றுக் காலை எட்டு மணிக்கே போய் அதே மேஜையில் உட்கார்ந்தேன். எட்டு ஐந்துக்கு இரண்டு கோப்பையில் டீ ஊற்றினேன். ஒன்றும் யோசித்து ஊற்றவில்லை, கை ஊற்றிவிட்டது. எட்டு பத்து, எட்டே கால், எட்டரை. வரவில்லை. டீயில் ஆடை படிந்துவிட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு அந்தக் கோப்பையையும் நானே குடித்தேன், ஆறிப் போனதை, அறுபத்துநாலு வயசில் இது என்ன கூத்து என்று என்னையே திட்டிக்கொண்டு. அவன் தப்பு என்ன இருக்கிறது. தொள்ளாயிரம் பேருக்கு ஒருத்தன். வருவேன் என்று அவன் சொல்லவும் இல்லை. மதியம் மேல்தளத்தில் மடித்து அடுக்கியிருந்த நாற்காலிகளுக்குப் பின்னால் காற்று வாங்கலாம் என்று போனேன், அங்கே நின்றுகொண்டே கிண்ணத்தில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், தனியாக. முகத்தில் ஒன்றுமே இல்லை. கடலைக்கூடப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை எனக்குத் தெரியும், இரவு டூட்டி முடிந்து ஆபீஸ் கைகழுவும் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டதும் சட்டென்று சிரித்தான். சிரிக்காமல் இருந்திருக்கலாம். "சாப்பிடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அதிமதுரத்தைக் கொடுத்திருக்க வேண்டும். பையில் கையை விட்டவள் ஏன் கொடுக்காமல் வந்தேன்.

நீல அட்டையைக் கூப்பிடுகிறான். பின்பக்க வழியாக வாருங்கள் என்கிறான். என்ன இது. சுகிர்தா எங்களிடம் இன்றைக்கு முன்பக்க வழி மட்டும்தான், பின்பக்கம் ஏணி போடவில்லை என்று சொன்னாளே. எழுந்துவிட்டார்கள். இருநூறு பேர், பெட்டி, பை, கட்டைப் பை, தூங்குகிற குழந்தை, எல்லாம் பின்பக்கப் படிக்கட்டில் இறங்குகிறது. சொல்லலாமா. யாரிடம் சொல்வது. தப்பாகச் சொன்னது அவனுக்கு இன்னும் தெரியாது, எனக்குத் தெரிந்துவிட்டது. நீலம் என்றால் பின்பக்கம், ஒவ்வொரு பயணத்திலும் அப்படித்தான் சொல்லியிருப்பான், இன்றைக்குச் சீட்டில் முன்பக்கம் என்று எழுதியிருக்கும், கண் சீட்டைப் பார்த்திருக்கும், வாய் கேட்டிருக்காது. வாய் தானாகச் சொல்லும். தென்காசிப் பக்கம் போகிற பாசஞ்சர் பதினோரு வருஷம் மூன்றாவது பிளாட்பாரத்தில்தான் வந்தது. அன்றைக்கு ஐந்துக்கு மாற்றிச் சீட்டு அனுப்பியிருந்தார்கள், கம்பியில் குத்தி வைத்ததும் நான்தான், படித்ததும் நான்தான், மைக்கில் மூன்று என்று சொன்னதும் நான்தான். அங்கே வண்டி ஐந்தில் வந்து நின்று கிளம்பிவிட்டது. பாதிப் பேர் தண்டவாளத்தைத் தாண்டி ஓடி ஏறினார்கள். மீதிப் பேர் ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டிவிட்டுப் போனார்கள். ஒருத்தி மட்டும் படியேறி என் அறைக்கு வந்தாள். நீலச் சேலை, கையில் ஃபிளாஸ்க், மூச்சு வாங்குகிறது. பயணி என்று ஒருத்தர் என் அறைக்குள் வந்தது அந்த ஒரு தடவைதான். "மூணாவது பிளாட்பாரம்னு சொன்னது நீங்கதானா?" என்றாள். சத்தம் போடவில்லை. "எங்களுக்கு எழுதி வந்ததைத்தாம்மா படிக்கிறோம்" என்றேன். கம்பியில் அந்தச் சீட்டு அவள் கண்ணுக்கு நேராக இருந்தது, ஐந்து என்று. நான் கையை அதன்மேல் வைத்துக்கொண்டேன். "அப்பாவுக்கு ரொம்ப முடியல, அடுத்த வண்டி எப்ப?" என்றாள். ஐந்து மணி நேரம் கழித்து என்றேன். "சரி" என்று தலையாட்டினாள். போகும்போது வாசலில் நின்று, "உங்க குரல் எனக்கு நல்லாத் தெரியும், தெனம் கேப்பேன்" என்றாள். என்னை நம்பிவிட்டாள். அந்த அப்பா என்ன ஆனார். இருபத்துமூன்று வருஷமாகத் தெரியாது. அவள் போய்ச் சேர்ந்தபோது உயிர் இருந்ததா. இருந்திருக்கும் என்று சில நாள், இருந்திருக்காது என்று பல நாள். மெஹருன்னிசாவிடம்கூடச் சொல்லவில்லை. பயணிகளின் சந்தோஷத்தில் என் பங்கு எவ்வளவோ தெரியாது, ஒருத்தியின் துக்கத்தில் என் பங்கு எனக்குத் தெரியும்.

திரும்பி வருகிறார்கள். பெட்டியோடு படியேறுவது எத்தனை கஷ்டம், வியர்வை, முணுமுணுப்பு, குழந்தை முழித்துக்கொண்டு அழுகிறது. என் எதிரில் உட்கார்ந்த பெரியவர், பாங்கில் மேனேஜராக இருந்தவராம், மூன்று நாளும் சீட்டுக் குலுக்கலில் முன்வரிசையில் இருந்தவர், மூச்சு வாங்கிக்கொண்டே ஃபாரத்தை எடுக்கிறார், ஐந்தை அடித்துவிட்டு ஒன்றைச் சுழிக்கிறார். "வெளிய போற வழிய ஒழுங்கா சொல்லத் தெரியல, இவனுக்கெல்லாம் என்ன டைரக்டரு" என்கிறார் மனைவியிடம். பக்கத்தில் இரண்டு பேர் அதைப் பார்த்துத் தங்கள் ஃபாரத்தையும் எடுக்கிறார்கள். சுகிர்தா அங்கே தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், தடுக்க முடியுமா அவளால். லெஸ்லி, துறைமுகத்தின் மேல் போடு. துறைமுக அதிகாரிகள் கடைசி நிமிஷத்தில் மாற்றிவிட்டார்கள் என்று சொல், ஒருத்தரும் விசாரிக்கப் போவதில்லை, ஏற்பட்ட இடையூறுக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி, முடிந்தது. நான் அப்படித்தான் செய்திருப்பேன். செய்தேன். மைக் கரகரக்கிறது. "லெஸ்லி பேசறேன். இன்னிக்கு முன்பக்க வழி மட்டும்தான்னு எங்கிட்ட நேத்தே சொல்லிட்டாங்க, பேப்பர்லயும் இருக்கு. பழக்கத்துல பின்பக்கம்னு சொல்லிட்டேன். இது முழுக்க என் தப்பு. பெட்டியத் தூக்கிட்டு அலைஞ்சவங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்." சிரிப்பு இல்லாத குரல். இதுதான் அவன் குரலா. பெரியவர், "இப்ப சொல்லி என்ன" என்கிறார். ஒன்று ஒன்றாகவே இருக்கிறது. அவ்வளவுதான். உண்மையைச் சொன்னதற்கு யாரும் மார்க் கொடுக்கவில்லை. எனக்குக் கண் ஏன் கலங்குகிறது, அவனுக்காகவா, இல்லை, அந்த ஃபிளாஸ்க் வைத்திருந்தவளுக்காக. அன்றைக்கு இந்த நாலு வரியை நான் சொல்லியிருந்தால் அவளுக்கு வண்டி கிடைத்திருக்காது. ஆனால் படியிறங்கும்போது கோபப்படவாவது அவளுக்கு ஒரு ஆளாக நான் கிடைத்திருப்பேன்.

மஞ்சள் போய்விட்டது. பிங்க் போய்க்கொண்டிருக்கிறது. பெரியவர் போய்விட்டார், ஃபாரத்தைத் தூணருகே அதற்கென்று வைத்திருந்த பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போனார். எழுந்திருக்க வேண்டும், மடியில் ஃபாரம், ஏழாவது கேள்வி அப்படியே. கடைசி ஆளும் போய்ச் சத்தம் அடங்கிவிட்டது. பரிதாபப்பட்டு ஐந்து போட எனக்கு வராது. பரிதாபத்தின் கைத்தட்டல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதை அவனுக்குக் கொடுக்க மாட்டேன். கேட்டது சந்தோஷத்தைப் பற்றி. மூன்று நாளில் நான் சந்தோஷமாக இருந்தேனா. இரண்டு நிமிஷம், ஒரு இட்லி. மைக் மறுபடி கரகரக்கிறது. "அமலோற்பவம் மேடம். அமலோற்பவம் மேடம், எங்க இருந்தாலும் முன்பக்க வழிக்கு வாங்க." என் பெயரா. என் பெயர்தான். முழுசாக. வாசலில் அட்டையைத் தட்டும் மெஷின் இருக்கிறது, எத்தனை பேர் இறங்கினார்கள், யார் பாக்கி என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும், அதைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறான், அது தெரியாதவளா நான். இருந்தாலும். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை பெயரைக் கூப்பிட்டிருக்கிறேன், எங்கிருந்தாலும் உடனடியாக வரவும் என்று, என் பெயரை ஒருத்தரும் ஒரு ஸ்பீக்கரிலும் கூப்பிட்டதில்லை. இரண்டாம் தடவை சொல்கிறான். எங்கள் ஜங்ஷனில் ஒரு வழக்கம் உண்டு. ரயிலுக்கு இரண்டு தடவை. காணாமல் போனவர்களுக்கு மட்டும் மூன்று தடவை, முதல் இரண்டும் அவர்கள் காதில் ஏறாது, அழுதுகொண்டிருப்பார்கள். ரயில்போல என்னைக் கூப்பிடுகிறானா, காணாமல் போனவளைக் கூப்பிடுகிறானா. தெரிந்துகொண்ட பிறகு எழுந்திருக்கிறேன். ஸ்பீக்கர் சும்மா இருக்கிறது. இன்னும் சும்மா இருக்கிறது, நேற்று டீயோடு காத்திருந்ததுபோல. எட்டு பத்து, எட்டே கால், எட்டரை. இருமல் சத்தம், தொண்டையைச் செருமுகிறான். "அமலோற்பவம் மேடம், மெதுவா வாங்க. நாங்க இங்கதான் நிக்கிறோம்." ஐந்தைச் சுழித்தேன். பையிலிருந்து அதிமதுரத்தை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டேன். காலியான அந்த ஹாலில், பார்க்க ஒருத்தரும் இல்லாதபோது, வலது கையை நன்றாக உயர்த்தித் தூக்கினேன்.